ட்ரெமோலோ பிரிட்ஜை அசையாமல் நிறுத்துவது: மலையில் கிட்டார் பழகுபவர்களுக்கு

முதல் எலக்ட்ரிக் கிட்டார் என்று வாங்கும்போது பலர் கையிலும் வந்து சேர்வது ஸ்ட்ராட் வடிவக் கிட்டார்தான். 1954-இல் ஃபெண்டர் நிறுவனம் ஸ்ட்ராட்டோகாஸ்டரை வெளியிட்டபோது அதில் ஆடும் பிரிட்ஜ் (கிட்டாரின் உடல்மேல் ஸ்ட்ரிங்குகளைத் தாங்கும் பகுதி) ஒன்றை வைத்தது, அதைத்தான் ட்ரெமோலோ என்கிறார்கள். கைப்பிடிக் கம்பியான பாரைச் செருகி அழுத்தினால் பிரிட்ஜ் முன்னால் சாயும், சுருதி இறங்கும். விட்டால் பழைய இடத்துக்கு வரும், வர வேண்டும். வாங்கிய வாரத்தில் எல்லோரும் அந்தப் பாரைப் பிடித்து ஆட்டி மகிழ்வார்கள். அப்புறம் பார் கிட்டார் பையின் ஜிப்புக்குள் போய்விடும். பிரிட்ஜ் மட்டும் ஆடிக்கொண்டே இருக்கும்.

பாரைத் தொடாதவர் என்றால் பிரிட்ஜை அசையாமல் நிறுத்திவிடுங்கள் என்பதுதான் என் கருத்து. ட்ரெமோலோ இல்லாத ஸ்ட்ராட்டையும் ஃபெண்டரே விற்றிருக்கிறது. கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் பின்பக்கத்து ஐந்து ஸ்பிரிங்கையும் மாட்டி, மரத்துண்டை வைத்து பிரிட்ஜை அடைத்து வாசிப்பவர். ஆக, இது கிட்டாரைக் கெடுக்கும் வேலை இல்லை. துளை போட வேண்டாம், பசை வேண்டாம், பிடிக்காவிட்டால் பழையபடி மாற்றிக்கொள்ளலாம். குன்னூரிலோ கொடைக்கானலிலோ இருந்துகொண்டு, சின்ன செட்டப்புக்கெல்லாம் கோயம்புத்தூருக்கோ மதுரைக்கோ கீழே இறங்கிக்கொண்டிருக்க முடியாது என்பதும் ஒரு காரணம்.

ஏன் ஆடுகிறது?

பிரிட்ஜ் தகட்டுக்கு அடியில் ஒரு கனமான உலோகக் கட்டி, கிட்டாரின் உடலைக் கடந்து பின்பக்கக் குழிவரை இறங்கும். அதற்கு பிளாக் என்று பெயர். ஸ்ட்ரிங்குகள் அதன் வழியாகத்தான் மேலே வருகின்றன. குழிக்குள் பிளாக்கிலிருந்து கழுத்துப் பக்கமாக ஸ்பிரிங்குகள் போய், க்ளா என்கிற தகட்டில் மாட்டியிருக்கும். கடையில் வாங்கும்போது பொதுவாக மூன்று ஸ்பிரிங் இருக்கும், ஐந்துக்கு இடம் உண்டு. க்ளாவை இரண்டு நீளமான ஸ்க்ரூக்கள் மரத்தோடு பிடித்திருக்கும்.

மேலே ஸ்ட்ரிங்குகள் இழுக்க, அடியில் ஸ்பிரிங்குகள் எதிர்த்து இழுக்க, நடுவில் பிரிட்ஜ் தராசு முள்போல நிற்கிறது. 9 கேஜ் (கேஜ் என்பது ஸ்ட்ரிங்கின் தடிமன்) செட் ஒன்றை ஸ்டாண்டர்ட் ட்யூனிங்கில் வைத்தால் ஆறு ஸ்ட்ரிங்கும் சேர்ந்து சுமார் 38 கிலோ இழுக்கும். 10 கேஜ் என்றால் சுமார் 46 கிலோ. இதில் ஒரு ஸ்ட்ரிங்கைத் தளர்த்தினாலும் முள் நகர்ந்துவிடும், மற்ற ஐந்தின் சுருதியும் மாறும். அதனால்தான் ஆறாவதை டியூன் செய்து முடித்தால் முதலாவது போயிருக்கிறது. அதைச் சரிசெய்தால் மூன்றாவது போயிருக்கிறது.

டிசம்பரில் ஊட்டிப் பக்கம் கேரல் ரவுண்ட்ஸ் போகிற குழுக்களை நினைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி பத்து மணிக்கு, விரல் விறைக்கிற குளிரில், ஒரு வீட்டு வாசலில் பாட்டு பாதி போகும்போது ஒரு ஸ்ட்ரிங் அறுகிறது. பிரிட்ஜ் உடலில் படியாமல் மிதந்தபடி இருந்தால் மீதி ஐந்தும் அந்த நொடியே சுருதி ஏறிவிடும். வாசிப்பதை நிறுத்துவதைத் தவிர வழியில்லை. பிரிட்ஜ் அசையாமல் இருந்தால் ஐந்து ஸ்ட்ரிங்கோடு பாட்டை முடித்துவிடலாம்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். குளிரில் ஸ்ட்ரிங் சுருங்கிச் சுருதி ஏறுவதையும், கைச்சூட்டில் இறங்குவதையும் இந்த வேலை நிறுத்தாது. எஃகின் குணம் அது. ஆனால் மாறிய சுருதியை ஒரே சுற்றில் சரிசெய்துவிடலாம், ஒன்றைத் தொட்டால் மற்றது ஓடாது.

பிரிட்ஜின் மேல் பழி போடும் முன்

சுருதி நிற்காததற்குப் பிரிட்ஜ் காரணமே இல்லாமலும் இருக்கலாம். டியூன் செய்யும்போது நட் (கழுத்தின் தலைப்பக்கம் ஸ்ட்ரிங்குகள் உட்காரும் பள்ளமுள்ள பட்டை) பக்கம் "டிங்" என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டு, சுருதி திடீரென்று தாவுகிறதா? ஸ்ட்ரிங் நட்டின் பள்ளத்தில் சிக்கிச் சிக்கி விடுபடுகிறது என்று அர்த்தம். ஸ்ட்ரிங்கைத் தளர்த்தி ஒதுக்கிவிட்டு, 2பி பென்சிலால் அந்தப் பள்ளத்தைக் கறுப்பாகும்வரை தேயுங்கள். புது ஸ்ட்ரிங் போட்டிருந்தால் ஒவ்வொன்றையும் விரலால் மெல்ல இழுத்து, மறுபடி டியூன் செய்து, இறங்குவது நிற்கும்வரை தொடருங்கள். முறுக்காணிக் கம்பத்தில் ஸ்ட்ரிங் இரண்டு மூன்று சுற்றுக்கு மேல் வேண்டாம். சுருதியை எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றி நிறுத்துங்கள், மேலிருந்து இறக்கி நிறுத்தினால் அது நழுவும்.

இவ்வளவும் செய்த பிறகும் சுருதி ஓடினால் பிரிட்ஜுக்கு வருவோம்.

தேவையானவை

நல்ல முனையுள்ள 2-ஆம் நம்பர் ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், கிட்டாரோடு வந்த ஆலன் கீகள், மி.மீ. கோடு தெளிவாகத் தெரிகிற ஸ்டீல் ஸ்கேல், மூக்குக் குறடு, ட்யூனர், காலாவதியான ஏடிஎம் கார்டு நாலைந்து, ஒரு மெழுகுவர்த்தித் துண்டு. மேசையில் கம்பளியை மடித்துப் போட்டுக்கொள்ளுங்கள், மலையில் கம்பளிக்குப் பஞ்சமில்லை. கழுத்துக்கு அடியில் சுருட்டிய துண்டு ஒன்று. ஸ்பிரிங் தெறிக்கும், அதனால் கண்ணாடி போட்டுக்கொள்வது நல்லது.

ஸ்க்ரூடிரைவர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். விலை குறைந்த கிட்டார்களில் க்ளா ஸ்க்ரூவின் தலை மெத்தென்று இருக்கும். தேய்ந்த முனையை வைத்துத் திருகினால் தலை வழுக்கிப்போய், அதை வெளியே எடுப்பதே தனி வேலையாகிவிடும்.

தகட்டை உடலில் படியவைத்தல்

பலருக்கு இந்த ஒரு வேலையே போதும். பின்பக்க மூடியைக் கழற்றி, குழியை போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். க்ளாவில் ஒரு வயர் ஈயம் வைத்துப் பற்றப்பட்டிருக்கும். அது எர்த் வயர். அறுந்தால் ஆம்பில் உறுமல் கேட்கும், ஆகவே அதை இழுத்துவிடாமல் வேலை செய்யுங்கள்.

இப்போது கிட்டாரைத் திருப்பி, பிரிட்ஜின் பின் ஓரத்தைப் பாருங்கள். தகட்டுக்கும் உடலுக்கும் நடுவே 2 முதல் 3 மி.மீ. இடைவெளி இருந்தால் உங்கள் பிரிட்ஜ் மிதக்கிறது. அந்த இடைவெளியை இல்லாமல் செய்வதுதான் வேலை.

கூடுதல் ஸ்பிரிங் இருந்தால் முதலில் அதை மாட்டிக்கொள்ளுங்கள். 9 கேஜுக்கு நாலு, 10 கேஜுக்கு ஐந்து என்று வைத்துக்கொண்டால் நிம்மதி. மூன்றே இருந்தாலும் 9 கேஜைச் சமாளிக்கலாம், க்ளாவை அதிகம் முறுக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். மாட்டும் முன் ஆறு ஸ்ட்ரிங்கையும் நன்றாகத் தளர்த்துங்கள். ஸ்பிரிங்கின் ஒரு முனையை பிளாக்கின் துளையில் நுழைத்துவிட்டு, வளைந்த மறுமுனையைக் குறடால் பிடித்து இழுத்து க்ளாவில் மாட்ட வேண்டும்.

அப்புறம் க்ளா ஸ்க்ரூக்கள். ஒன்றை அரைச் சுற்று, மற்றதை அரைச் சுற்று என்று மாற்றி மாற்றி வலப்பக்கம் திருகுங்கள். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை திரும்ப டியூன் செய்து இடைவெளியைப் பாருங்கள். டியூன் செய்யாமல் பார்ப்பதில் பயனில்லை, ஸ்ட்ரிங் தளர்ந்திருக்கும்போது எந்தப் பிரிட்ஜும் படிந்துதான் இருக்கும். ஸ்க்ரூ இறுகிக்கொண்டு போக மறுத்தால் பலம் காட்டாதீர்கள். வெளியே எடுத்து மரையில் மெழுகைத் தேய்த்து மறுபடி ஏற்றுங்கள். க்ளா குழியின் சுவரைத் தொட்டுவிட்டது, இன்னமும் தகடு படியவில்லை என்றால் திருகிப் பயனில்லை, இன்னொரு ஸ்பிரிங் வேண்டும்.

படிந்ததா என்று பார்க்க ஒரு பஸ் டிக்கெட் போதும். தகட்டின் பின் ஓரத்தில் நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றால் படிந்துவிட்டது. அதோடு நிறுத்தாமல் இரண்டு ஸ்க்ரூவையும் இன்னும் ஒன்றிரண்டு சுற்று இறுக்குங்கள், ஏனென்றால் வாசிக்கும்போது இழுவிசை ஏறும். சோதனை இதுதான்: ஆறாவது ஸ்ட்ரிங்கைத் தட்டி ஒலிக்கவிட்டு, மூன்றாவது ஸ்ட்ரிங்கை முழுச் சுரம் வளைத்து இழுங்கள். ஆறாவதின் ஒலி தொய்ந்தால் பிரிட்ஜ் எழும்புகிறது, இன்னும் இறுக்க வேண்டும். தொய்யாமல் நின்றால் முடிந்தது.

பிரிட்ஜின் முன் ஓரத்தில் என்ன இருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். ஆறு சின்ன ஸ்க்ரூக்கள் இருந்தால் அவை தகட்டை நெருக்கிப் பிடிக்காமல் லேசாகத் தொட்டபடி இருக்கட்டும். முன்னால் முறுக்கி அழுத்தினால் பின் ஓரம் தூக்கிக்கொள்ளும், அப்புறம் எத்தனை ஸ்பிரிங் போட்டாலும் அது படியாது. இரண்டு கம்பங்கள் மட்டும் இருக்கிற வகையில், கம்பங்கள் உயரமாக நின்றால் தகட்டின் பின் விளிம்பு மட்டும் உடலைத் தொடும், முன்பக்கம் அந்தரத்தில் நிற்கும். கம்பங்களை இறக்கித் தகடு முழுதாகப் படியும்படி செய்யுங்கள். ஸ்ட்ரிங்குகளைத் தளர்த்திய பிறகே கம்பத்தைத் திருக வேண்டும். இறுக்கமாக இருக்கும்போது திருகினால் பிரிட்ஜின் கூர்விளிம்பு தேய்ந்துவிடும்.

இந்த நிலையில் பாரை அழுத்தினால் சுருதி இறங்கும், மேலே மட்டும் இழுக்க முடியாது. பாரை எப்போதாவது தொடலாம் என்று நினைப்பவர் இதோடு நிற்கலாம்.

மரத்துண்டு வைத்து அடைத்தல்

11 கேஜ் மாதிரி தடித்த ஸ்ட்ரிங் போடுபவர்கள், கூடுதல் ஸ்பிரிங் கிடைக்காதவர்கள், க்ளா ஸ்க்ரூவின் துளை தளர்ந்துபோன பழைய கிட்டார் வைத்திருப்பவர்கள் துண்டு வைப்பது நல்லது. எந்தப் பக்கம் வைப்பது என்பதில்தான் புதியவர்கள் குழம்புகிறார்கள். ஸ்ட்ரிங் மேலே இழுக்கும்போது தகட்டின் பின் ஓரம் எழும்பும், குழிக்குள் பிளாக் கிட்டாரின் வால் பக்கம் நகரும். ஆகவே துண்டு இருக்க வேண்டிய இடம் பிளாக்குக்கும் வால் பக்கச் சுவருக்கும் நடுவே. ஸ்பிரிங் இருக்கும் பக்கம் வைத்தால் பாரை மேலே இழுப்பதைத்தான் தடுக்கும். தகடு ஏற்கெனவே படிந்திருந்தால் அதற்கு வேலையே இல்லை.

தகடு படிந்திருக்கும்போது அந்த இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். மரத்துக்கு எங்கும் அலைய வேண்டாம், தச்சுப்பட்டறையில் பழைய கதவு ஜன்னலின் தேக்குத் துண்டு கிடைக்கும். தோட்டத்தில் நேற்று வெட்டிய சில்வர் ஓக்கோ, விறகுக்கு வைத்திருக்கும் கற்பூர மரமோ, சீகையோ வேண்டாம். ஈரம் போகாத மரம் காயும்போது சுருங்கும், முறுக்கிக்கொள்ளும், இரண்டு மாதத்தில் துண்டு கலகலவென்று ஆடும்.

காய்ந்த மரத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. மரம் ஈரத்தில் நார் ஓடும் நீளவாக்கில் ஏறக்குறைய மாறாது, குறுக்குவாக்கில்தான் உப்பும். கிட்டாரின் உடலில் நார் கழுத்திலிருந்து வால் நோக்கி ஓடுவதால், நீங்கள் அடைக்கப்போகும் இடைவெளி மழையிலும் வெயிலிலும் அப்படியேதான் இருக்கும். அதற்குள் வைக்கிற துண்டின் தடிமன் குறுக்குவாக்காக இருந்தால் அது மட்டும் உப்பும். மெல்லிய துண்டு என்பதால் உப்புவது மயிரிழைதான். ஆனாலும் சுத்தியலால் தட்டி ஏற்றிய துண்டு என்றால் அந்த மயிரிழையும் பிரிட்ஜின் முன் ஸ்க்ரூக்களை அழுத்தும். கட்டைவிரலால் தள்ளினால் உள்ளே போக வேண்டும், விட்டால் விழக் கூடாது. அந்த இறுக்கம் போதும், ஸ்ட்ரிங்கின் இழுப்பே மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

எனவே துண்டைக் கொஞ்சம் தடிமனாக அறுத்து, உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்துக் கொண்டுவாருங்கள். அதிகமாகத் தேய்த்துவிட்டால் கவலையில்லை, ஏடிஎம் கார்டை வெட்டிப் பக்கத்தில் சொருகுங்கள். கார்டின் தடிமன் 0.76 மி.மீ., பிளாஸ்டிக் என்பதால் மலை ஈரத்துக்கும் மசியாது. துண்டை வைக்கும்போதும் எடுக்கும்போதும் ஸ்ட்ரிங்குகள் தளர்ந்திருக்க வேண்டும். பசை தடவாதீர்கள்.

துண்டு வைத்தாயிற்றே, ஸ்பிரிங் எதற்கு என்று எல்லாவற்றையும் கழற்றிவிடுபவர்கள் உண்டு. கழற்றக் கூடாது. எர்த் வயர் க்ளாவோடு நிற்கிறது. க்ளாவிலிருந்து ஸ்ட்ரிங்குக்கு அந்த இணைப்பு போவதே ஸ்பிரிங் வழியாகத்தான். ஒன்றிரண்டாவது இருக்கட்டும். சத்தம் எதிரொலிக்கிறது என்றால் ஸ்பிரிங்குக்கு அடியில் கொஞ்சம் ஸ்பாஞ்ச் வையுங்கள்.

ஃப்ளாய்ட் ரோஸ் (நட்டிலும் ஸ்ட்ரிங்கைப் பூட்டும் ட்ரெமோலோ வகை) பிரிட்ஜ் உள்ள கிட்டார் என்றால் கதை வேறு. பல மாடல்களில் தகட்டுக்கு அடியிலும் குடைந்திருப்பார்கள், அது உடலில் படியாது. பிளாக்கின் இரண்டு பக்கமும் துண்டு வைத்து, தகடு மட்டமாக நிற்கும்படி அடைக்க வேண்டும். நட் பக்கப் பூட்டுகளைத் திறந்துவிட்டே தொடங்க வேண்டும். முதல் கிட்டாரில் தனியாக முயலாமல், தெரிந்த அண்ணன் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

அதற்குப் பிறகு

பின் ஓரம் இறங்கியதால் ஸ்ட்ரிங்குகளும் இறங்கியிருக்கும். ஃப்ரெட்டில் பட்டு "ஜ்ர்ர்" என்று கேட்டால் வேலை கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம், செட்டப்பை மறுபடி செய்ய வேண்டும், அவ்வளவுதான். வரிசை முக்கியம்: டியூன், கழுத்து, உயரம், கடைசியில் இன்டொனேஷன் (கழுத்து முழுக்க சுருதி சரியாக வரும்படி ஸ்ட்ரிங்கின் நீளத்தைச் சரிசெய்வது). மாற்றிச் செய்தால் முன்னால் செய்ததை மறுபடி செய்ய வேண்டிவரும்.

கழுத்தைப் பார்க்க, ஆறாவது ஸ்ட்ரிங்கை முதல் ஃப்ரெட்டில் கேப்போ (ஸ்ட்ரிங்கை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு, கடைசி ஃப்ரெட்டில் விரலால் அழுத்துங்கள். 8-ஆவது ஃப்ரெட்டுக்கும் ஸ்ட்ரிங்குக்கும் நடுவே 0.25 மி.மீ. அளவு இடைவெளி இருந்தால் தொடவே வேண்டாம். அதிகம் என்றால் ட்ரஸ் ராடை (கழுத்துக்குள் ஓடும், அதன் வளைவைச் சரிசெய்யும் இரும்புக் கம்பி) வலப்பக்கம் கால் சுற்று, போதாது என்றால் மறுநாள் இன்னொரு கால் சுற்று.

அடுத்து 17-ஆவது ஃப்ரெட்டில் ஸ்ட்ரிங்கின் உயரம். 1.6 மி.மீ. நல்ல தொடக்கம். பிரிட்ஜில் ஒவ்வொரு ஸ்ட்ரிங்கும் உட்காரும் சின்னத் துண்டுதான் சேடில், ஒவ்வொரு சேடிலிலும் இரண்டு குட்டி ஆலன் ஸ்க்ரூக்கள் இருக்கும், இரண்டையும் சமமாகத் திருகுங்கள். ஓங்கி ஸ்ட்ரம் செய்கிற கை என்றால் 2 மி.மீ. வரை தூக்கிக்கொள்ளலாம், யாரும் கேட்கப்போவதில்லை. கடைசி ஃப்ரெட்டை அழுத்திப் பிடிக்கையில் பிக்கப்புக்கும் ஸ்ட்ரிங்குக்கும் 2 மி.மீ. இடைவெளியாவது இருக்கிறதா என்று பாருங்கள். அதைவிட நெருங்கினால் காந்தம் ஸ்ட்ரிங்கை இழுத்து, மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி அலையும்.

இன்டொனேஷனுக்கு 12-ஆவது ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கை (அழுத்தாமல் லேசாகத் தொட்டு வரவழைக்கும் ஒலி) ஒலிக்கவிட்டு, பிறகு அதே இடத்தை அழுத்தி வாசித்து, ட்யூனரில் இரண்டையும் ஒப்பிடுங்கள். அழுத்தியது அதிகம் என்றால் சேடிலைப் பின்னால் தள்ளுங்கள், குறைவு என்றால் முன்னால். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பிறகு டியூன் செய்துவிட்டே பார்க்க வேண்டும். பழைய துருப்பிடித்த ஸ்ட்ரிங்கில் இதைச் செய்வது வீண். மலையில் அது சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பதால் இந்த வேலைக்கென்று புது செட்டே வாங்கிவிடுங்கள்.

மஞ்சும் மழையும்

கிட்டாருக்கு ஏற்ற ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். ஊட்டியில் ஆடி மழையிலும், குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலில் ஐப்பசி மழையிலும் அதைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை, மஞ்சு ஜன்னல் வழியாக அறைக்குள்ளேயே வரும். வெளிச்சுவரில் கிட்டாரை மாட்டாதீர்கள், கல்சுவர் ஈரம் விடும். பையில் சிலிகா ஜெல் பொட்டலங்கள் போட்டு மூடி வையுங்கள். பின்பக்க மூடியையும் மாட்டியே வையுங்கள், திறந்த குழியில் க்ளா ஸ்க்ரூ துருப்பிடிக்கும். மழைக்காலம் தொடங்கும்போது ஒருமுறை, பனிக்காலத்தில் ஒருமுறை கழுத்தைப் பாருங்கள். பிரிட்ஜை நிறுத்தியாயிற்று, இனி பருவத்துக்குப் பருவம் அசைவது கழுத்து மட்டும்தான்.

கீழே கச்சேரிக்குப் போய்வந்தால் உடனே பையைத் திறக்காதீர்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறுகையில் உயரம் கிட்டத்தட்ட 1,900 மீட்டர் கூடுகிறது, ஆயிரம் மீட்டருக்கு 6 டிகிரி என்று வைத்தாலும் 11 டிகிரிக்கு மேல் குளிர்ந்துவிடும். பை மூடியபடியே ஒரு மணி நேரம் அறையில் இருக்கட்டும். குளிரிலிருந்து கணப்பு எரிகிற அறைக்குள் வந்தாலும் அப்படித்தான், உடனே திறந்தால் உலோகத்தின் மேலெல்லாம் நீர் கோர்த்துக்கொள்ளும்.

என்றைக்காவது பிரிட்ஜை மறுபடி மிதக்கவிட வேண்டுமானால்: ஸ்ட்ரிங்கைத் தளர்த்தி மரத்துண்டை எடுங்கள், கூடுதல் ஸ்பிரிங்கைக் கழற்றுங்கள். பாரை அழுத்தி, தகட்டின் பின் ஓரத்துக்கு அடியில் நாலு ஏடிஎம் கார்டை அடுக்கி வையுங்கள், ஏறக்குறைய 3 மி.மீ. வரும். டியூன் செய்துவிட்டு, கார்டுகள் தானாக நழுவும்வரை க்ளா ஸ்க்ரூக்களை மாற்றி மாற்றித் தளர்த்துங்கள். சுருதி இறங்கியிருக்கும், மறுபடி டியூன் செய்து, ஆறு ஸ்ட்ரிங்கும் சுருதியில் நிற்கும்போது இடைவெளி 3 மி.மீ. இருக்கும்வரை இதையே தொடருங்கள். சேடில் உயரத்தைத் திரும்ப இறக்க வேண்டிவரும்.